ரெசொல்யூட் – கிரீஸ் ஃபியோர்ட்: வான்வழித் தூரத்துக்கு மேல் எரிபொருள் எவ்வளவு கூட்டலாம்?

கனடாவின் நுனாவுட்டில் இவ்விரு ஊர்களுக்கும் சாலை கிடையாது, விமானம்தான். பெருவட்டக் கணக்கில் (பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய வழி) சுமார் 383 கி.மீ., அதாவது 207 கடல் மைல். தீர்க்கரேகை வித்தியாசம் 12 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று அப்படியே பெருக்கிவிடாதீர்கள், 1,330 தாண்டிவிடும்! அங்கே ஒரு பாகை வெறும் 28 கி.மீ.தான்.

வழியில் உண்மைத் திசை (புவியியல் வடக்கிலிருந்து அளப்பது) கிட்டத்தட்ட 12 பாகை திரும்புகிறது. காந்தத் திசைகாட்டியையும் நம்ப முடியாது. ட்வின் ஆட்டர் என்ற சிறு விமானம் 150 நாட் (மணிக்கு 150 கடல் மைல்) வேகத்தில் போனால், காற்றில்லாமல் 1 மணி 23 நிமிடம்.

கிரீஸ் ஃபியோர்ட் ஓடுபாதை மலையடியில். சுற்றி இறங்கவும், இறங்க முடியாமல் ரெசொல்யூட்டுக்கே திரும்பவும் எரிபொருளை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? வடதுருவப் பகுதியில் பறந்த அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்களேன்.