ஹார்லிக்ஸ் பாட்டிலில் துப்பாக்கி கேப்: வெள்ளத்தில் நனைந்தால் செத்துவிடுமா?

சேரை மருமகள்:

சேரன்மகாதேவி பக்கம் ஆற்றங்கரையில் எங்கள் பழைய வீடு. மாமாவுக்குக் கடையம் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு தோட்டம் இருந்தது. பன்றித் தொல்லைக்காக லைசென்ஸ் எடுத்து இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுப்பார், முடிந்ததும் வாங்கி வருவார். அவர் தவறியதும் என் வீட்டுக்காரர் துப்பாக்கியையும் லைசென்ஸையும் ஒப்படைத்துவிட்டார். அத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தோம்.

இப்போது வெள்ளையடிக்கிறதற்காக அரங்கை, அதாவது சாமான் போட்டு வைக்கிற உள் அறையை, காலி செய்தோம். மூலையில் ஒரு டிரங்குப் பெட்டி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அரங்குக்குள் தண்ணீர் புகுந்தபோது இந்தப் பெட்டியும் முங்கியிருக்கிறது. மாமா அப்போது படுக்கையில் இருந்தார், வேறு யாரும் திறந்து பார்க்கவில்லை. உள்ளே சிவப்புக் காகிதத் தோட்டா கொஞ்சம், ஊதிப்போய் இருக்கிறது. வெறும் பித்தளைத் தோட்டாக் கூடு சில. மேசை விளிம்பில் மாட்டித் திருகுகிற மாதிரி மரக் கைப்பிடி வைத்த ஒரு சின்ன மிஷின். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதிக்குமேல் செம்பும் பித்தளையுமாகக் கேப், பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. மூடி துருப்பிடித்து இறுகிவிட்டது. அடியில் ஒரு துணிப்பொட்டலம், அதை நாங்கள் தொடவில்லை.

என் கொழுந்தனார் குறடு வைத்து மூடியைத் திறந்து, நல்லது கெட்டது பிரித்துப் பார்க்கலாம் என்கிறார். தண்ணீரில் ஊறியது எல்லாம் செத்துத்தானே போயிருக்கும் என்பது அவர் கட்சி. உண்மையா? போலீஸுக்குச் சொன்னால் எங்கள் மேலேயே கேஸ் போடுவார்களா?

பொதிகைத்தென்றல்:

இதற்குப் போய் இவ்வளவு பயமா? தீபாவளிக்குச் சுருள் கேப்பைக் கல்லில் வைத்துக் குத்தி விளையாடாத பிள்ளை நம்மூரில் உண்டா? ஒரு வாளி மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டு, ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றில் எறிந்துவிடுங்கள். ஸ்டேஷன் வாசலை மிதித்தால் அப்புறம் நடையாய் நடக்க வேண்டியதுதான்.

பழைய ஆர்மரர்:

அம்மா, முதல் காரியமாக உங்கள் கொழுந்தனார் கையிலிருந்து அந்தக் குறடை வாங்கி வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் பட்டாலியனில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்த்துப் பராமரிக்கிறவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக் காலம் முழுக்க இந்தச் சாமான்களோடுதான் கழிந்தது. பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் 12 போர் தோட்டாவின் அடியில் உட்காரும் பிரைமராக இருக்கும், அதாவது அடி விழுந்ததும் வெடித்துத் தோட்டா மருந்தைப் பற்றவைக்கிற கேப். மாமா காலி கூட்டை எடுத்து மறுபடி கேப் மாட்டி, மருந்தும் ரவையும் போட்டு நிரப்பியிருக்கிறார். அந்த மரக் கைப்பிடி மிஷின் காகிதத் தோட்டாவின் வாயை உள்ளே சுருட்டி மடக்குகிறது. அந்தக் காலத்து வேட்டைக்காரர் பலர் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் கதைக்கு வருகிறேன். பிரைமருக்குள் இருக்கும் கலவையில் முக்கியமானது லெட் ஸ்டிஃப்னேட் என்கிற, ஈயம் கலந்த வெடிப்பொருள். கூட பேரியம் நைட்ரேட், ஆன்டிமனி சல்பைட், கொஞ்சம் டெட்ரசீன். இதைத் தொழிற்சாலையில் எப்படி நிரப்புகிறார்கள் தெரியுமா? ஈரமாக. மாவு பதத்தில் குழைத்து, குட்டிக் கிண்ணத்தில் அடைத்து, அப்புறம் காயவைக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போது கையாளுவது பத்திரம் என்பதற்காகவே அப்படி. காய்ந்த பிறகுதான் அதற்கு உயிர் வருகிறது. அப்படிப் பிறந்த பொருளைத் தண்ணீரில் போட்டுக் கொன்றுவிட்டேன் என்றால் எப்படி? வெள்ளம் போய் எத்தனை கோடை தாண்டிவிட்டது. பெட்டி நன்றாகக் காய்ந்திருக்கும். போதாததற்கு, ஈரம் போகாமல் இருக்க மேலே அரக்கு பூசி, தாளோ தகடோ வைத்து மூடிய ரகங்களும் உண்டு. அவை முங்கியதே அவற்றுக்குத் தெரிந்திருக்காது.

மண்ணெண்ணெய் யோசனை சொன்ன தம்பிக்கும் இதே பதில்தான். எண்ணெய் சிலதுக்குள் இறங்கும், சிலதுக்குள் இறங்காது. பத்து செத்திருந்தால் பதினொன்றாவது வெடிக்கும், எது எது என்று வெளியே பார்த்துச் சொல்ல ஒரு வழியும் கிடையாது. வெடிக்கிற சாமானோடு எரிகிற எண்ணெயை வேறு சேர்ப்பானேன்? ஆற்றில் போடுவது இன்னும் மோசம். ஈயம் கலந்த சரக்கு அது, ரொம்பப் பழசானால் பாதரசமும் இருக்கும், அந்தத் தண்ணீரைத்தான் கீழே எல்லா ஊரும் குடிக்கிறது. கோடையில் மணலில் விளையாடுகிற பிள்ளை ஒன்று பொறுக்கி எடுத்தால் என்ன செய்வீர்கள்? பாதரசம் என்றேனே, லெட் ஸ்டிஃப்னேட் வருவதற்கு முன் மெர்குரி ஃபல்மினேட்டில்தான் கேப் செய்தார்கள். மாமா அவர் அப்பாவிடமிருந்து வாங்கி வைத்த சரக்கு இருந்தால் அதுவாகவும் இருக்கலாம். அது வெயிலிலும் புழுக்கத்திலும் நாளாவட்டத்தில் கெட்டுப்போகும். எவ்வளவு கெட்டது என்பதைப் பார்வையில் சொல்ல முடியாது.

எனக்குப் பயம் காகிதத் தோட்டாவைப் பற்றி இல்லை, அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பற்றித்தான். ஒரு பிரைமரில் இருக்கும் கலவை சில பத்து மில்லிகிராம், அவ்வளவே. தனியாக வெடித்தால் விரலையோ கண்ணையோ கெடுக்கும். ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் ஒன்று கிளம்பும்போது மற்றதும் சேர்ந்து கிளம்பிவிடும். கம்பெனியிலிருந்து வரும்போது நூறு நூறாகத் தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி கொடுத்து, நடுவே இடைவெளி விட்டு அனுப்புவது இதற்காகத்தான். அந்தத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி வைத்தால், பாட்டிலே வெடிகுண்டின் ஓடு ஆகிவிடும்.

இன்னொன்று. பாட்டிலை வெளிச்சத்தில் காட்டிப் பார்க்காதீர்கள், ஆட்டாதீர்கள். ஆனால் ஏற்கனவே எடுத்த போட்டோ இருந்தால் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆரஞ்சும் பழுப்புமாக மெல்லிய தூள் படிந்திருக்கிறதா? கேப்பும் கேப்பும் உரசி உதிர்ந்த கலவையாக அது இருக்கலாம். கேப்புக்குள் இருக்கும்போது அதற்குச் சுத்தியல் வேண்டும், தூளாக உதிர்ந்த பிறகு ஒரு உரசல் போதும். அதே தூள் மூடியின் மரையிலும் ஏறியிருக்கும். துருப்பிடித்த மரையில் குறடைப் போட்டுத் திருகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நைலான், பாலியஸ்டர் துணியால் துடைப்பதும் வேண்டாம். இந்தக் கலவைக்கு, அதுவும் தூளாக இருக்கும்போது, துணியில் வருகிற நிலைமின்சாரப் பொறியே போதும்.

அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்கள் நிறையப் பேர். அங்கே பாதுகாப்பு விதி எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: பிரைமரிடம் பலத்தைக் காட்டாதே. நிரப்புகிற மிஷினில் பிரைமரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒரு குழாய் உண்டு. அதில் ஒன்று கோணலாகச் சிக்கிக்கொண்டது என்று கம்பியால் குத்தி அழுத்தினால் மொத்தக் குழாயும் ஒரே வெடியாகப் போகும். அதனால் கண்ணாடி போடாமல் உட்காரமாட்டார்கள். மேசையில் அந்த நேரத்துக்கு வேண்டிய பிரைமர் மட்டும்தான் இருக்கும், மருந்து டப்பா தள்ளியே இருக்கும். வெடிக்காத பிரைமரை ஆணி வைத்துத் தட்டி எடுக்கிற வேலையே கிடையாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கமாட்டார்கள், ஈயம் வயிற்றுக்குள் போகும். நீங்களும் பெட்டியைத் தொட்டிருந்தால் முதலில் கையைக் கழுவுங்கள்.

சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தில் 21ஆம் பிரிவு உங்களுக்கானது. எந்தக் காரணத்தாலோ ஆயுதமோ தோட்டாவோ வைத்திருக்கும் உரிமை போய்விட்டால், வீண் தாமதம் செய்யாமல் பக்கத்து ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமும் ஒப்படைக்கலாம், ஆனால் இந்தப் பாட்டிலை அங்கே தூக்கிக்கொண்டு போகிற பேச்சே வேண்டாம். மாமாவின் இறப்புச் சான்றிதழ், துப்பாக்கி ஒப்படைத்த ரசீது, லைசென்ஸ் நகல் இவற்றோடு, இன்ன தேதியில் வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்தது என்று எழுதிக் கொடுங்கள். தாங்களாக முன்வந்து சொல்கிறவர்களுக்கும், ஒளித்து வைத்துப் பிடிபடுகிறவர்களுக்கும் வித்தியாசம் தெரியாத இன்ஸ்பெக்டரை நான் பார்த்ததில்லை. கேஸ் வருமோ என்று பயந்து நாளைக் கடத்தினால்தான் கேஸ் வரும்.

பஸ்ஸிலோ பைக்கிலோ கொண்டுபோகாதீர்கள். அவர்களை வரச் சொல்லுங்கள். பாட்டிலில் கேப் இருக்கிறது, மூடி இறுகியிருக்கிறது என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

கிணத்துவெட்டு:

அண்ணாச்சி எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டார். நான் ஒன்று கேட்கணும். தங்கச்சி, அந்தத் தோட்டத்தில் கிணறு உண்டா? பாறையில் வெடி வைத்துத் தோண்டின கிணறா? ஏன் கேட்கிறேன் என்றால், முன்னெல்லாம் வேலை முடிந்ததும் மிச்சக் கேப்பைத் தோட்டக்காரர் வீட்டிலேயே விட்டுப் போகிற கூட்டம் இருந்தது. அந்தக் கேப்பு வேறு, துப்பாக்கிக் கேப்பு வேறு. பாறை வெடியைக் கிளப்புகிற அதை டெட்டனேட்டர் என்பார்கள். விரல் நீளத்துக்கு அலுமினியக் குழாய், பென்சில் பருமன். ஒரு பக்கம் திறந்திருந்தால் திரி சொருகுகிறது. ரெண்டு வயர் வந்தால் கரண்டில் வெடிக்கிறது. ஒன்று போதும், கை மணிக்கட்டோடு போகும். நான் பார்த்திருக்கிறேன், விவரம் வேண்டாம்.

துணிப்பொட்டலம் என்றீர்களே, அதை அவிழ்க்க வேண்டாம். வெளியே வயர் ஏதும் தெரிகிறதா என்று மட்டும் எடுத்த போட்டோவில் பாருங்கள்.

சேரை மருமகள்:

அண்ணா, கிணறு உண்டு. 80களில் வெடி வைத்துத்தான் தோண்டினார்களாம், அத்தை சொன்னார்கள். போட்டோவைப் பெரிதாக்கினேன். துணி மடிப்பில் மஞ்சளும் சிவப்புமாக ஒல்லி வயர் நுனி தெரிகிறது. எனக்குக் கை நடுங்குகிறது.

கிணத்துவெட்டு:

பதறாதீர்கள். எல்லாரும் வீட்டைவிட்டு வெளியே வாருங்கள், அத்தையையும் சேர்த்து. அரங்குக் கதவைப் பூட்ட வேண்டாம், சும்மா சாத்திவிடுங்கள். அங்கே லைட் போட வேண்டாம், பக்கத்தில் நின்று செல்போனும் பேச வேண்டாம், கரண்டு கேப்புக்கு அதெல்லாம் ஆகாது. தெருமுனைக்குப் போய் 112க்கு அடியுங்கள். "பழைய டெட்டனேட்டர்" என்று சொல்லுங்கள், "பழைய சாமான்" என்று சொன்னால் சாவகாசமாக வருவார்கள்.

பழைய ஆர்மரர்:

தம்பி சொன்னதைச் செய்யுங்கள். நான் பாட்டிலிலேயே நின்றுவிட்டேன், பொட்டலம்தான் பெரிய ஆபத்து. வெடிகுண்டுப் பிரிவு வரும், அவர்கள் வரும்வரை யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்.

சேரை மருமகள்:

நேற்றுச் சாயங்காலம் முடிந்தது. முதலில் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டையா வந்தார், வாசலோடு நின்று பார்த்துவிட்டு வெளியே போய்ப் போன் போட்டார். அப்புறம் திருநெல்வேலியிலிருந்து வெடிகுண்டுப் பிரிவு வந்தது. தெருவில் ரெண்டு பக்கமும் கயிறு கட்டி, பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கோயில் மண்டபத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பொட்டலத்தில் இருந்தது அந்தக் கேப்புதான். பாட்டிலைத் திறக்கவே இல்லை, அப்படியே மணல் நிரப்பிய வாளியில் இறக்கி எடுத்துப்போனார்கள். குறடு விஷயத்தைக் கேட்டதும் அதிகாரி கொழுந்தனாரை ஒரு பார்வை பார்த்தார்.

கேஸ் எதுவும் இல்லை. எழுதி வாங்கிக்கொண்டு, லைசென்ஸ் நகலைச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அந்த மரக் கைப்பிடி மிஷினை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மாமா ஞாபகமாக ஷோகேஸில் வைக்கலாமா என்று அத்தை கேட்கிறார்கள்.

பழைய ஆர்மரர்:

நல்ல சேதி. மிஷினை வைக்கிறதற்கு முன் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தோட்டா செய்கிற சாதனத்தையும் தோட்டாவின் பாகத்தையும் "தோட்டா" என்ற கணக்கிலேயே சேர்த்துத்தான் சட்டம் பேசுகிறது, லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் நிரப்புவது குற்றம். அந்த வெறும் பித்தளைக் கூடுகளும் இருந்தால் சேர்த்துக் காட்டுங்கள், அடியில் குத்து விழாத கேப் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கப் போகிறது. அத்தைக்கு ஞாபகத்துக்கு வேறு ஏதாவது கொடுங்கள், மாமா லைசென்ஸில் ஒட்டியிருந்த போட்டோ நகலாவது இருக்கும்.

பொதிகைத்தென்றல்:

நான் சொன்னது துப்பாக்கிக் கேப்பை மனசில் வைத்து. டெட்டனேட்டர் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கிணத்துவெட்டு:

யாருக்கும் தெரியாது தம்பி. அதனால்தான் ஊறப்போட வேண்டாம் என்கிறது.