தீபாவளிக்குப் பட்டாசு மேசை: நகராண்மைக் கழக லைசென்ஸ் மட்டும் போதுமா? (சுங்கை சிப்புட், மலேசியா)

லயத்துக்கடை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் டவுனில் ஒரு மேசை போடலாம் என்று மூன்று பேர் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். முறுக்கு, அதிரசம், அகல் விளக்கு, கோலமாவு, அதோடு மத்தாப்பு, பட்டாசு. கோலா கங்சார் நகராண்மைக் கழகத்தில் தற்காலிக லைசென்ஸ் எடுத்துவிட்டால் போதும் என்கிறார் ஒருவர். போலீஸ் பெர்மிட் வேறு, அது இல்லாவிட்டால் சரக்கு மொத்தமும் போய்விடும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

இரவில் மிஞ்சுகிற சரக்கைத் தோட்டத்து வீட்டில் வைக்கலாமா? தீபாவளியன்று பிள்ளைகள் லயத்துத் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) திடலில் வெடிப்பார்கள். அதன் ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் கோயில். தோட்ட நிர்வாகத்திடம் வாயால் சொன்னால் போதுமா, கடிதம் வேண்டுமா? கோயில் திருவிழாவுக்கு வாணவேடிக்கை வைக்கவும் ஒரு பேச்சு இருக்கிறது. அதற்கு என்ன செய்ய வேண்டும்?

கவுன்டர் 3 பதில்:

இரண்டாமவர் சொன்னதுதான் சரி. நகராண்மைக் கழகம் கொடுப்பது இடத்துக்கான அனுமதி: எந்த ஐந்தடிக்கு எட்டடியில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மணி வரை நீங்கள் உட்காரலாம் என்பது. மேசை மேல் என்ன இருக்கலாம் என்பதை 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் பார்க்கிறது. அது போலீஸ் கையில். ஒரு தாளைக் காட்டி இன்னொன்றின் குறையை மறைக்க முடியாது. அந்தச் சட்டத்தின் 4(2) பிரிவில், அனுமதியில்லாமல் பட்டாசு தயாரித்தாலோ, வைத்திருந்தாலோ, இறக்குமதி செய்தாலோ 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 'வைத்திருந்தால்' என்பதைக் கவனியுங்கள். 'நான் விற்கவில்லை, சும்மா பெட்டியில் இருந்தது' என்பது பதிலாகாது.

எந்தச் சரக்கு? 'பாப்-பாப்', 'ஹேப்பி பூம்' இரண்டு வகைப் பட்டாசுக்குத்தான் அனுமதி என்று போலீஸ் பண்டிகைக்குப் பண்டிகை அறிவித்துவந்திருக்கிறது. சரவெடி, ராக்கெட், நூறு ஷாட் பெட்டி இதெல்லாம் பக்கத்து மேசையில் இருக்கிறது என்பதற்காக உங்கள் மேசைக்கு வரக்கூடாது. பெர்மிட்டில் எழுதியிருக்கும் பொருளை மட்டும் எடுங்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்தால் அலைச்சல் குறையும். முதலில் சப்ளையர். பெர்மிட் உள்ள மொத்த வியாபாரியிடம் போய் அவருடைய அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். அதில் ஐந்து இடத்தைப் படியுங்கள்: கம்பெனி பெயர், காலாவதித் தேதி, பொருட்களின் பெயர், அளவு, ஸ்டோர் முகவரி. பெட்டி மேல் உள்ள பெயரும் கடிதத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். போன வருடத்துக் கடிதத்தின் போட்டோஸ்டேட்டை நீட்டுகிறவரிடம் வாங்கவே வேண்டாம். அதற்குப் பிறகு நகராண்மைக் கழகம்: அடையாள அட்டை, எஸ்.எஸ்.எம். (கம்பெனிகள் ஆணையம்) பதிவு, இடத்தின் வரைபடம், தனியார் நிலமென்றால் உரிமையாளரின் கடிதம். விண்ணப்பத்தில் 'பட்டாசு, மத்தாப்பு' என்று தெளிவாக எழுதுங்கள். 'தீபாவளிப் பொருட்கள்' என்று மொத்தமாக எழுதி வாங்கிய லைசென்ஸ் சோதனையின்போது கைகொடுக்காது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்குப் போங்கள். தீயணைப்பு மீட்புப் படையின் ஆதரவுக் கடிதம் கேட்பார்களா என்பதை முதல் நாளே கவுன்டரில் கேட்டுவிடுங்கள். கேட்டால், அவர்கள் வந்து இடம் பார்க்க நாள் பிடிக்கும். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குவது நல்லது.

லாரியில் ஏற்றி இறக்குவதும் பெர்மிட்டுக்குள்தான் வரும். சப்ளையரே அவருடைய வண்டியில் கொண்டுவந்து கொடுக்கட்டும். உங்கள் காரின் பூட்டில் ஏற்றாதீர்கள். இணையத்தில் ஆர்டர் செய்து கூரியரில் வரவழைக்கும் வேலையும் வேண்டாம். தபாலில் அனுப்பத் தடையுள்ள பொருள் இது.

மணல்வாளி பதில்:

தாள் விஷயம் மேலே அண்ணன் சொல்லிவிட்டார். நான் மேசையைப் பற்றிச் சொல்கிறேன்.

முறுக்கையும் மத்தாப்பையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். பலகாரம் வீட்டில் சுட்டு வந்தாலும், பக்கத்தில் யாராவது கேஸ் அடுப்பில் வடை போடுவார்கள், அப்பம் பாலேக் ஊற்றுவார்கள். லைசென்ஸில் எழுதிய தூரத்தை அளந்து பாருங்கள். அதோடு அடுப்பு, ஜெனரேட்டர், மின்கம்பி, பெட்ரோல் நிலையம் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்து மூலை பிடியுங்கள். விளக்குக்கு எல்.இ.டி. மட்டும். சூடாகும் பல்பைக் கூடாரத் துணிக்கு அருகில் தொங்கவிடக்கூடாது. எக்ஸ்டென்ஷன் வயர் சரக்குப் பெட்டிக்கு அடியில் ஓடக்கூடாது. மேசை மேல் ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு பெட்டி, முடிந்தால் காலிப் பெட்டி. மீதி பின்னால் மூடிபோட்ட இரும்பு அலமாரியில். வாங்குகிறவர் 'ஒன்று கொளுத்திக் காட்டுங்கள்' என்பார், காட்டாதீர்கள். சின்னப் பிள்ளை தனியாகக் காசோடு வந்தால் கொடுக்காதீர்கள்.

9 கிலோ ஏ.பி.சி. உலர்தூள் தீயணைப்பான் ஒன்று வேண்டும். முள் பச்சையில் நிற்கிறதா, ஸ்டிக்கரில் தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். கூடவே இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி உலர்ந்த மணல். ஆனால் இவை எதற்கு என்பது தெரிந்திருக்க வேண்டும். பட்டாசு மருந்தில் எரிபொருளோடு ஆக்ஸிஜன் தரும் உப்பும் சேர்ந்தே இருக்கிறது. வெளிக்காற்றைத் தடுத்து அதை அணைக்க முடியாது. தூளை அடித்தாலும் உள்ளே எரிந்துகொண்டே போகும். அணைப்பான் என்பது மேசைத் துணி, அட்டைப் பெட்டி, வயர் பிடித்துக்கொண்ட முதல் சில விநாடிகளுக்கு. சரக்குப் பெட்டியே பற்றிவிட்டால் காசுப்பெட்டியைக்கூடத் தேடாமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு விலகி, 999-ஐ அழையுங்கள்.

தோட்டத்து வீட்டில் சரக்கு வைப்பது: கூடாது. பெர்மிட்டில் எழுதிய முகவரியைத் தவிர வேறெங்கும் கூடாது. லயத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் சுவரோடு சுவராக நிற்பவை. ஒரு வீட்டில் பற்றினால் வரிசை முழுக்கப் போகும். 1991 மே 7-ஆம் தேதி சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தார்கள். சுற்றியிருந்த வீடுகளும் சேதமாயின. மருந்தும் குடியிருப்பும் ஒன்றாக இருக்கக்கூடாது என்பதற்கு நம் நாட்டில் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. விற்காததை அன்றன்று சப்ளையர் ஸ்டோருக்கே திருப்பி எடுத்துக்கொள்ளும்படி முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள். சம்மதிக்காவிட்டால் குறைவாக எடுங்கள்.

லயத்துக்கடை:

ரொம்ப நன்றி அண்ணே. ஒரு சந்தேகம். தீபாவளி நேரத்தில் இங்கே சாயங்காலம் ஆனால் மழைதான். நனைந்து நமத்துப்போன மத்தாப்பை வெயிலில் காயவைப்பது வழக்கமாயிற்றே, அது பரவாயில்லையா?

மணல்வாளி:

வேண்டாம் தம்பி. ஊரில் தலைமுறையாகச் செய்கிறார்கள், தெரியும். ஆனால் அலுமினியத் தூள் கலந்த மருந்து ஈரமானால் உள்ளுக்குள் மெல்லச் சூடாகும். அதைத் தகரக் கூரை மேல் பரப்பினால் சூட்டுக்கு மேல் சூடு. காய்ந்த பிறகும் மருந்து கம்பியை விட்டு விரிந்திருக்கும், திரி ஒரே சீராக எரியாது. நின்றுவிட்டது என்று நினைத்துக் குனியும்போதுதான் வெடிக்கும். நனைந்ததை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு இரவு முழுக்க ஊறப்போட்டு, ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். நனையாமல் இருக்க, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். சிமெண்டுத் தரையில் நேராக வைக்காமல் பலகை மேல் வையுங்கள். ஈரம் கீழிருந்துதான் ஏறும்.

செம்பனைத்திடல் பதில்:

திடல் பற்றிய கேள்விக்கு.

கடிதம் வேண்டும். தோட்டம் தனியார் நிலம். நிர்வாகி எழுத்தில் சம்மதம் கொடுக்காமல் திடலில் எதுவும் செய்யக்கூடாது. கிராணியிடம் (தோட்ட எழுத்தர்) வாயால் சொன்னது, ஏதாவது ஆனபிறகு யாருக்கும் நினைவிருக்காது. கடிதத்தில் தேதி, தொடங்கும் மணி, முடியும் மணி, இடம், பொறுப்பாளர் இருவர் பெயர் இருக்கட்டும். ஒன்று மட்டும்: நிர்வாகி சம்மதித்தால் தடைசெய்த பட்டாசு சட்டப்படி ஆகிவிடாது. அலட்சியமாக வெடிபொருளைக் கையாண்டதற்குக் குற்றவியல் சட்டத்தின் 286-ஆம் பிரிவு இருக்கிறது. தோட்டத்துக்குள் நடந்தாலும் அது பொருந்தும்.

செம்பனைப் பக்கத்தை மழை பெய்ததே என்று நம்பாதீர்கள். வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்கியிருப்பார்கள். மேலே ஈரம், உள்ளே காய்ந்த சருகு. பொறி உள்ளே இறங்கினால் புகைந்துகொண்டே கிடந்து விடியற்காலையில் எழும்பும். அதனால் வெடிக்கும் இடத்தைக் கோயில் பக்கமும் இல்லாமல், மட்டை அடுக்கு பக்கமும் இல்லாமல் திடலின் நடுவில், புல் வெட்டிய மண்தரையில் வையுங்கள். டீசல் தொட்டி, உரக் கிடங்கு, பூச்சிமருந்து ஸ்டோர் இருக்கும் திசைக்குக் காற்று அடிக்கிறதா என்று ஒரு துணித்துண்டைக் கட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கம்பி மத்தாப்பு குழந்தை விளையாட்டு என்ற நினைப்பில்தான் அதிகம் சுட்டுக்கொள்கிறார்கள். அது 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரிகிறது. அணைந்த பிறகும் கம்பி நிமிடக்கணக்கில் சூடாக இருக்கும். வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும் திடலில் எரிந்த கம்பியை மண்ணில் எறிந்தால் அடுத்த பிள்ளை மிதிக்கும். பாதித் தண்ணீர் ஊற்றிய வாளியை நடுவில் வைத்து, எரிந்த கம்பி எல்லாம் அதற்குள்ளேதான் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒரு கையில் ஒரு கம்பி. ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பற்றவைக்க இரண்டு பிள்ளைகள் முகத்தோடு முகம் நெருங்கக்கூடாது. பருத்தி உடை, காலில் செருப்பாவது. பாவாடையும் பட்டுத் துணியும் அக்கம்மாருக்குப் பிடிக்கும்தான், ஆனால் நைலான் தாவணி உருகித் தோலில் ஒட்டும்.

வெடிக்காததைத் திரும்பப் பற்றவைக்கக் கூடாது. 20 நிமிடம் விட்டு, நீளக் கைப்பிடி வாளியால் தூரத்திலிருந்து தண்ணீர் ஊற்றி, பிறகுதான் எடுக்க வேண்டும். மிஞ்சியதைப் பிரித்து மருந்தைக் கொட்டிப் பெரிய வெடி செய்வது, கார்பைடு போட்டு மூங்கில் பீரங்கி வெடிப்பது, பி.வி.சி. குழாயில் முயல்வது, இவை மூன்றும் பையன்கள் கை விரலை இழக்கும் வழிகள். பி.வி.சி. உடைந்தால் ஊசித் துண்டுகளாகப் பறக்கும். பெற்றோர்கள் இதைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, மஞ்சள், சோயா சாஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம். கண்ணில் பட்டால் கசக்காமல், கழுவாமல், தேய்க்காமல், ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரிக்கு. தேவையென்றால் அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்புவார்கள்.

திருவிழாவேலை பதில்:

கோயில் வாணவேடிக்கை முற்றிலும் வேறு வேலை. கமிட்டியே ஷெல் (வானில் போய் வெடிக்கும் வாணக் குண்டு) வாங்கி விடுவது என்ற பேச்சை முதல் கூட்டத்திலேயே முடித்துவிடுங்கள். பெர்மிட் உள்ள கம்பெனி, போலீஸ் அனுமதி, அவர்களுடைய ஆட்கள், அவர்களுடைய காப்புறுதி. கமிட்டி கையெழுத்துப் போடுவதற்கு முன் காப்புறுதித் தாளில் நிகழ்ச்சித் தேதியும் இடமும் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

இடம் போதுமா என்பதற்கு அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் என்.எஃப்.பி.ஏ. 1123 தரம் ஒரு நல்ல கணக்கு தருகிறது: ஷெல்லின் குறுக்களவு ஒவ்வோர் அங்குலத்துக்கும் 70 அடி. 3 அங்குல ஷெல்லுக்கு 210 அடி, அதாவது 64 மீட்டர், எல்லாத் திசையிலும். குறுக்கே 128 மீட்டர். கால்பந்துத் திடலின் நீளமே சுமார் 105 மீட்டர்தான். உங்கள் லயத்துத் திடலில் ஒருபுறம் கோயில் பந்தல், மறுபுறம் மட்டை அடுக்கு என்றால் 3 அங்குலத்துக்கே இடமில்லை. கம்பெனிக்காரர் 4 அங்குலம் பேசினால் 85 மீட்டர் எங்கே என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் 'பார்த்துக்கலாம் பாஸ்' என்றால் வேறு கம்பெனி பாருங்கள்.

கூட்டம் காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும். கரியும் அட்டைத் துண்டும் காற்று போகும் பக்கம் விழும். மறுநாள் விடிந்தவுடன், பள்ளிப் பிள்ளைகள் திடலைக் கடப்பதற்கு முன், வெடிக்காத ஷெல் கிடக்கிறதா என்று கம்பெனி ஆட்களே நடந்து தேட வேண்டும். இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள், விலையோடு சேர்த்து.

லயத்துக்கடை:

அப்படியானால் ஷெல்லை விட்டுவிடுகிறோம். குப்பையைத் திடல் ஓரத்தில் குவித்துக் கொளுத்தலாமா?

செம்பனைத்திடல்:

கூடாது. திறந்தவெளியில் எரிப்பதைச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974 தடுக்கிறது. அதுவும் இல்லாமல், குவியலுக்குள் வெடிக்காத ஒன்று கட்டாயம் இருக்கும். தண்ணீர் தெளித்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் பையில் கட்டுங்கள்.