குடும்பக் குழு: இரவு 12.30 முதல் 3.30 வரை

மதுரை அத்தை: அனைவருக்கும் அனுப்பவும்!! இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமியை நெருங்கிக் கடக்கின்றன. போனை அணைத்துத் தள்ளி வையுங்கள். சிங்கப்பூர் டிவியில் சொன்னார்களாம்.

சித்தி: ஐயோ. போன் குழந்தையின் தலைமாட்டில்தான் கிடக்கிறது.

கோவை மாமா: போன தீபாவளிக்கும் இதே கதிர் வந்ததே.

நான்: அத்தை, என் ரயில் 3.10க்கு மதுரை வருகிறது. போனை அணைத்துவிட்டால் மாமாவை எப்படி எழுப்புவது?

பெரியப்பா: காஸ்மிக் கதிர் இன்றிரவு மட்டுமா வருகிறது? உள்ளங்கையை விரித்து வை. அந்தக் கதிர் மேலே காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் என்ற நுண்துகள், விநாடிக்கு ஏறக்குறைய ஒன்று துளைத்துக்கொண்டு போகும். இந்தக் கதிரைக் கண்டுபிடித்த விக்டர் ஹெஸ் 1912-இல் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறி...

சித்தி: துளைத்துக்கொண்டா?

மதுரை அத்தை: அண்ணனே சொல்லிவிட்டார்.

பெரியப்பா: முழுவதும் படி. ஒன்றும் செய்யாது. வானிலிருந்து வருபவை பெரும்பாலும் புரோட்டான்கள். மின்னூட்டம் உள்ளவை. ஒளி நேராக வரும். இவை காந்தப்புலங்களில் வளைந்து வளைந்து வருவதால், அனுப்பியது யார் என்றே தெரியாது.

கோவை மாமா: அனுப்பியவர் தெரிந்தும் வந்து சேராத கல்யாணப் பத்திரிகை உண்டு. 2016.

மதுரை அத்தை: கூரியர் ரசீது இன்னும் வைத்திருக்கிறேன்.

சித்தி: அதை இப்போது எடுக்காதீர்கள்.

பெரியப்பா: ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறேன். லென்ஸ் கிடையாது. 6 மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் 3,712, தலைக்கு மேல் கான்கிரீட். அதுதான் மியூவான் தொலைநோக்கி! 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டி இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டது அதை வைத்துத்தான். வெளியே புல்வெளியில் சுமார் 400 உணர்கருவிகள். அவற்றின் கணக்கில், நிலா நிற்கும் திசையில் மட்டும் கதிர் கொஞ்சம் குறையும். நிலா மறைக்கிறது.

சின்னு: வெளிச்சமே இல்லாமல் நிலாவைப் பார்க்கிறார்களா?

பெரியப்பா: நிழலாக. வருடக்கணக்கில் எண்ணிச் சேர்க்க வேண்டும். நிலாவின் இடம் நமக்குத் தெரியும் அல்லவா? நிழல் அங்கேயே விழுந்தால் கருவியின் குறி சரி. பகலிலும் நடக்கும், அமாவாசையிலும் நடக்கும்.

சின்னு: அமாவாசை என்றதும் நினைவு வந்தது. தாத்தா திதி இந்த வருடம் யார் வீட்டில்?

சித்தி: போன இரண்டு வருடமும் எங்கள் வீட்டில். சொல்லிக்காட்டவில்லை.

கோவை மாமா: 👀

பெரியப்பா: இடிமேகத்துக்கு வருகிறேன். மியூவானுக்கும் மின்னூட்டம் உண்டு, அதனால்...

நான்: 3.10. யார் வருகிறீர்கள்?

மதுரை அத்தை: மாமா வருவார். போன்தான் அணைந்திருக்கும்.

நான்: ரயில் தாமதமானால்?

மதுரை அத்தை: கிழக்கு வாசலில் நில். 3.30க்கு மேல் போனைப் போடச் சொல்கிறேன்.