ஹிமாலயன் 411 முன் ஃபோர்க்: கெட்டி ஆயில் போதுமா, ஸ்பிரிங்கையே மாத்தணுமா?

தார்ரோடு:
வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. டபுள்ஸ் போய், பின்னாடி லக்கேஜும் கட்டினா, பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் ரொம்ப முங்குது. வேகத்தடையில இறங்கும்போது ஃபோர்க் அடியில 'டக்'னு தட்டுது. 20டபிள்யூ (20W) கெட்டி ஆயில் ஊத்தி, ஸ்பிரிங் மேல ஒரு ஸ்பேசர் (ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கிற துண்டு) வச்சா சரியாயிடும்னு ஷெட்ல சொல்றாங்க. வீட்டிலேயே செய்யலாமா?

திருகாணி:
தாராளமா செய்யலாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, அடித்தகட்டுக்குக் கீழ மரக்கட்டை வச்சு ஜாக்கி கொடுத்து முன் வீலைத் தூக்குங்க. காலிப்பரைக் கழட்டினா கம்பி போட்டுக் கட்டி வைங்க, பிரேக் ஹோஸ்ல தொங்கக் கூடாது. ஏபிஎஸ் சென்சார் ஒயரையும் கிளிப்பிலேர்ந்து விடுவிச்சிடுங்க.

இதுல வரிசைதான் முக்கியம். மேல் கிளாம்ப் போல்ட்டை மட்டும் முதல்ல தளர்த்துங்க. கீழ் கிளாம்ப் ஃபோர்க்கை இறுக்கிப் பிடிச்சிருக்கும்போதே மேல் மூடியைக் கால் திருப்பு தளர்த்தி வச்சுக்கணும். ஃபோர்க்கை வெளியே எடுத்த பிறகு மூடியோட மல்லுக்கட்டினா, வைஸ் கடிச்சு குழாயில கீறல் விழும், அந்தக் கீறல் ஆயில் சீலைத் தின்னும். மூடி கடைசி மரைக்கு வரும்போது ஸ்பிரிங் தள்ளும். அழுத்திப் பிடிச்சுக்கிட்டே கழட்டுங்க, முகத்தை நேர் மேல வைக்காதீங்க.

ஃபோர்க்கைக் கவிழ்த்துப் பத்துத் தடவை பம்ப் பண்ணி பழைய ஆயிலை வடிய விடுங்க. புது ஆயில் ஊத்தினதும் குழாயை மேல கீழ இழுத்து, ஒரே சீரா கனமா வர்ற வரைக்கும் காத்தை வெளியேத்தணும். அப்புறம் ஸ்பிரிங் இல்லாம, ஃபோர்க்கை முழுசா அமுக்கி, குழாய் விளிம்பிலேர்ந்து ஆயில் மட்டம் வரைக்கும் அளங்க. மில்லி கணக்கை மட்டும் நம்பாதீங்க, உள்ளே ஒட்டின பழைய ஆயில் கணக்கைக் கெடுத்துடும். ரெண்டு பக்கமும் மட்டம் ஒண்ணா இருக்கணும். 15 மி.மீ. நீள பிவிசி பைப் துண்டை நேரா அறுத்து, மேலயும் கீழயும் வாஷர் வச்சு ஸ்பேசரா போடுங்க. முடிஞ்சது.

கம்பிச்சுருள்:
கழற்றி மாட்டும் முறை சரி, மருந்துதான் தவறு. ஆயில் எடையைத் தாங்காது, அசைவின் வேகத்தை மட்டுமே அடக்கும். பிரேக் பிடித்தால் ஃபோர்க் எவ்வளவு முங்கும் என்பதை ஸ்பிரிங்தான் தீர்மானிக்கிறது. 20டபிள்யூ ஊற்றினால் அதே ஆழத்துக்குக் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும்.

இந்த ஃபோர்க் டேம்பர் ராடு வகை. ஆயில் சின்ன ஓட்டைகள் வழியாகப் பிதுங்கிப் போகிறது. எதிர்ப்பு ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: அசைவு இரண்டு மடங்கு வேகமானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. பிரேக் முங்கல் மெதுவான அசைவு, அங்கே கெட்டி ஆயிலின் பலன் குறைவு. பள்ளத்தின் விளிம்பில் டயர் மோதுவது மிக வேகமான அசைவு, அங்கே ஃபோர்க் பூட்டிக்கொண்டு அடி நேராக மணிக்கட்டுக்கு வரும். திரும்பி எழுவதும் மந்தமாகும். வரிசையாகப் பள்ளம் வந்தால் எழ நேரமில்லாமல் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி உட்கார்ந்துவிடும்.

டபிள்யூ எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். '10டபிள்யூ' என்று எழுதிய இரண்டு கம்பெனி ஃபோர்க் ஆயிலின் உண்மையான பிசுபிசுப்பு கணிசமாக மாறும். டப்பாவிலோ தயாரிப்புத் தாளிலோ 40 டிகிரி செல்சியஸில் சென்டிஸ்டோக்ஸ் (பிசுபிசுப்பின் அலகு) எவ்வளவு என்று பாருங்கள். சில ஷெட்களில் 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலையே ஊற்றுகிறார்கள். அது 40 டிகிரியில் 100 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல், சாதாரண 10டபிள்யூ ஃபோர்க் ஆயிலைப் போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

திருகாணி:
இன்ஜின் ஆயில் வேண்டாம்ங்கிறதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனா ஸ்பிரிங் செட்டு ஆர்டர் போட்டு வாரக்கணக்கா காத்திருக்கணும், விலையும் ஆயிலைப் போல பல மடங்கு. அடி தட்டறதுக்குக் காசில்லாத வழி ஒண்ணு இருக்கு. ஆயில் மட்டத்தை 10 மி.மீ. ஏத்துங்க. மேல அடைபட்ட காத்து குறையும், அதனால ஃபோர்க் அமுங்குற தூரத்தோட (ஓட்டம்) கடைசியில அழுத்தம் சட்டுனு ஏறி அடி தட்டாம நிறுத்தும். முதல் பாதி ஓட்டம் பெரிசா மாறாது. ரொம்ப ஏத்தினா அழுத்தம் சீலைப் பிச்சுடும், அதனால அஞ்சஞ்சு மி.மீ.யா ஏத்திப் பாருங்க.

கம்பிச்சுருள்:
காற்றிடைவெளி யோசனை நல்லது, ஏற்கிறேன். ஸ்பேசர்தான் இடிக்கிறது. ப்ரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகாது, வண்டி உட்காரும் உயரம் மட்டும் மாறும். கூடவே இன்னொரு ஆபத்து: சுருளும் சுருளும் ஒட்டிக்கொள்வது. கம்பியின் தடிமனைச் சுருள் எண்ணிக்கையால் பெருக்கினால், முழுவதும் நசுங்கிய நீளம் வரும். உதாரணத்துக்கு 4.5 மி.மீ. கம்பி, 58 சுருள் என்றால் 261 மி.மீ. சும்மா கிடக்கும் நீளம் 490, ஏற்கெனவே இருக்கும் ப்ரீலோடு 20, இந்த வண்டியின் முன் ஓட்டம் 200. மீதி 270. இடைவெளி 9 மி.மீ.தான், அதில் 15 மி.மீ. ஸ்பேசர் எங்கே போகும்? பெரிய பள்ளத்தில் இரும்போடு இரும்பு மோதும். உங்கள் ஸ்பிரிங்கை வெர்னியர் வைத்து அளந்து, கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் பைப்பை அறுங்கள்.

அளவுகோல்:
ரெண்டு பேரும் முன் ஃபோர்க்கையே சுத்தி வர்றீங்க. பின்னாடி ஆளும் லக்கேஜும் ஏறினா எடையில பெரும்பகுதி பின் வீலுக்குத்தான் போகும். தார்ரோடு, எதையும் வாங்கறதுக்கு முன்னாடி சேக் (sag, எடை ஏறினதும் வண்டி எவ்வளவு உட்காருதுங்கிறது) அளங்க. வீல் தூக்கி ஃபோர்க் முழுசா நீண்டிருக்கும்போது ஆக்சிலிலேர்ந்து கிளாம்ப் வரை ஒரு அளவு. எப்பவும் போற எடையோட வண்டி நிமிர்ந்து நிக்கும்போது இன்னொரு அளவு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். உரசல் ஏமாத்தும், அதனால ஒரு தடவை கீழ அமுக்கி மெதுவா எழ விட்டு, ஒரு தடவை மேல தூக்கி மெதுவா இறங்க விட்டு, சராசரி எடுங்க. பின்பக்கமும் அப்படியே. முன்னாடி 60லிருந்து 70 மி.மீ., பின்னாடி 180 ஓட்டத்துக்கு 54லிருந்து 63 வந்தா சரி.

அந்த 'டக்' சத்தம் ஃபோர்க் அடிதானான்னும் பாருங்க. வீலைத் தூக்கி ஃபோர்க் அடிப்பகுதியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க. ஆட்டம் தெரிஞ்சா அது கோன்செட் (ஹேண்டில் திரும்புற பேரிங்) தளர்வு, எந்த ஆயில் ஊத்தினாலும் போகாது.

தார்ரோடு:
அளந்தேன். கோன்செட்ல ஆட்டம் இல்லை. முன்: தனியா 64, டபுள்ஸ் + லக்கேஜ் 72. பின்: தனியா 60, டபுள்ஸ் + லக்கேஜ் 92.

அளவுகோல்:
92 பாதி ஓட்டத்துக்கு மேல. முதல் வேலை பின் ப்ரீலோடு. சி-ஸ்பேனர் போடறதுக்கு முன்னாடி மரையில இருக்கிற மண்ணை பிரஷ் போட்டு நீக்கி, கொஞ்சம் எண்ணெய் விடுங்க, இல்லன்னா ரிங் பல் வழுக்கும். முழு எடையோட 63க்குக் கொண்டுவாங்க. அப்புறம் ஆள் இல்லாம வண்டி மட்டும் நிக்கும்போது அளங்க. துளியும் உட்காராம மேல முட்டிக்கிட்டு நின்னா, அந்த எடைக்கு ஸ்பிரிங் மெலிசுன்னு அர்த்தம், ப்ரீலோடால சரிப்படாது. ஒண்ணு மட்டும்: பின் மோனோஷாக்கை வீட்டுல பிரிக்காதீங்க, உள்ளே வாயு அழுத்தம் இருக்கு.

திருகாணி:
பின்னாடி தூக்கினா முன் முங்கல் எப்படிக் குறையும்? எடை இன்னும் கொஞ்சம் முன்னாடி வரும், ஸ்டீயரிங் வேணும்னா சுறுசுறுப்பாகும். முன் ஃபோர்க் வேலை அப்படியேதான் நிக்குது. 15டபிள்யூ, மட்டம் 10 மி.மீ. கூட, ஸ்பேசர் இல்லாம. இதுதான் என் முடிவு.

கம்பிச்சுருள்:
முங்கல் குறையாது என்பது உண்மை. அதனால்தான் ஸ்பிரிங் என்கிறேன். வருஷம் முழுக்க டபுள்ஸ் என்றால் கடினமான ஸ்பிரிங், கூடவே கார்ட்ரிட்ஜ் எமுலேட்டர் (ஆயில் போக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு). அது டேம்பர் ராடு தலையில் உட்காரும், ராடின் கீழ் ஓட்டைகளைப் பெரிதாகத் துளைக்க வேண்டும். அதன்பின் அமுங்கலை அந்த வால்வு பார்த்துக்கொள்ளும், எழும்பலை மட்டும் ஆயில் கெட்டித்தன்மையால் திருத்தலாம். மாதம் ஒரு தடவைதான் டபுள்ஸ் என்றால் கையேட்டில் சொன்ன அதே ஆயிலைப் புதிதாக ஊற்றி, மட்டத்தை மட்டும் ஏற்றுங்கள். 15டபிள்யூ வேண்டாம். தேய்ந்து நீர்த்துப்போன பழைய ஆயிலோடு ஒப்பிடும்போது புது ஆயிலே கனமாகத் தெரியும்.

அளவுகோல்:
எந்த ஆயில்னாலும், திரும்ப மாட்டும்போது ஆக்சில் நட்டை இறுக்குங்க, ஆனா ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கிற பிஞ்ச் போல்ட்டைத் தளர்வா விடுங்க. காலிப்பரை மாட்டி, பேடு டிஸ்க்கைப் பிடிக்கிற வரைக்கும் லீவரை அழுத்துங்க. வண்டியைத் தரையில இறக்கி, முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஃபோர்க்கை நாலஞ்சு தடவை அமுக்கி எழ விட்டு, அப்புறம் பிஞ்ச் போல்ட்டை டார்க் ரென்ச்சுல கையேடு சொல்ற அளவுக்கு இறுக்குங்க. இதை விட்டா ரெண்டு ஃபோர்க்கும் ஒண்ணை ஒண்ணு நெரிச்சு உரசும், அப்புறம் புது ஆயில் சரியில்லைன்னு இங்கேயே வந்து கேட்பீங்க. டிஸ்க்குல ஆயில் பட்டிருந்தா பிரேக் கிளீனர் போட்டுத் துடைங்க, பேடுல ஊறியிருந்தா பேடையே மாத்துங்க.