மாருதி 800 கிளட்ச்: முதன்முறையாக வீட்டிலேயே மாற்ற முடியுமா?

காரமடை வாசி (கேள்வி):

வணக்கம். என்னிடம் இருப்பது கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800. சமவெளியில் ஓட்டும்போது பெரிய குறை தெரிவதில்லை. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், இன்ஜினின் இரைச்சல் கூடுகிறதே தவிர வண்டியின் வேகம் கூடுவதில்லை. சற்று நேரத்தில் கருகிய வாடையும் உள்ளே வந்துவிடுகிறது. கிளட்ச் மிதியை ஏறத்தாழ முழுவதும் விட்ட பிறகே வண்டி நகரத் தொடங்குகிறது.

பிரேக் ஷூ, வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட் ஆகியவற்றை நானே மாற்றியிருக்கிறேன். கியர் பாக்ஸை இறக்கிய அனுபவம் இல்லை. வீட்டு முற்றம் சிமென்ட் தரை. ஒரு டிராலி ஜாக்கி, ஒரு ஜோடி ஸ்டாண்டு, சாக்கெட் செட் உள்ளன. டார்க் ரெஞ்ச் இரவல் கிடைக்கும். உதவிக்குத் தம்பி இருக்கிறான். தேய்ந்தது கிளட்ச் தட்டுதான் என்று எப்படி உறுதி செய்வது? இன்ஜினை வெளியே எடுக்க வேண்டுமா? எந்தெந்தப் பாகங்களை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

பட்டறைக்காரர் (மறுமொழி):

தம்பி, பாகம் வாங்கக் கடைக்குப் போகும் முன் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். இந்த வண்டியில் ஹைட்ராலிக் கிடையாது. கேபிள்தான் கிளட்சை இழுக்கிறது. தட்டு தேயத் தேய, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் முனைகள், மிதியை மிதிக்கும்போது அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி நகர்ந்து வரும். அதனால் மிதியில் இருந்த தளர்வு குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் காலை எடுத்த பிறகும் பேரிங் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டேயிருக்கும். அந்நிலையில் தட்டில் இன்னும் சதை இருந்தாலும் கிளட்ச் வழுக்கத்தான் செய்யும். கேபிள் நுனியில் உள்ள நட்டைத் தளர்த்தி, மிதியில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தளர்வு வரும்படி வைத்து ஓட்டிப் பாருங்கள். துல்லியமான அளவுக்கு வண்டியின் கையேடே முடிவானது.

அதன் பிறகும் வழுக்கினால் ஒரு சோதனை உண்டு. எதிரே யாரும் நிற்காத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, நான்காம் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்சாக இருந்தால் இன்ஜின் உடனே அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் தட்டு முடிந்துவிட்டது என்று பொருள். ஒரு முறை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் தட்டின் மேல் மிச்சமிருக்கும் லைனிங்கும் (உராய்வுப் பட்டையும்) கருகிவிடும்.

காரமடை வாசி:

மிக்க நன்றி ஐயா. கேபிளைச் சரிசெய்த பிறகும் ஏற்றத்தில் அதே நிலைதான். சோதனையிலும் இன்ஜின் அணையவில்லை. மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

பட்டறைக்காரர்:

சரி. இன்ஜினை எடுக்க வேண்டியதில்லை. கியர் பாக்ஸை மட்டும் கீழே இறக்கினால் போதும். கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பேரிங்கை மீண்டும் போட்டு, அது பிறகு சத்தமிட்டால் இவ்வளவு வேலையையும் மறுபடி செய்ய நேரிடும். கியர் பாக்ஸ் ஷாப்டின் முனை உட்காரும் சிறிய பேரிங், இன்ஜினின் கிராங்க் ஷாப்ட் பின்பக்க ஆயில் சீல், கியர் பாக்ஸ் ஷாப்ட் சீல், டிரைவ் ஷாப்ட் சீல்கள், புதுக் கேபிள் ஆகியவற்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கியர் ஆயில் ஜிஎல்-4 தரத்தில் இருக்கட்டும். ஜிஎல்-5 ஆயிலில் சேர்க்கப்படும் கந்தகக் கலவை, கியர்கள் உரசாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்.

கிளட்ச் மாற்றுவது உண்மையில் சிறிய வேலை. எடையைக் கையாள்வதே பெரிய வேலை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வண்டியை முன்பக்கம் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ வண்டிக்கு முட்டுக்கொடுக்க ஒருபோதும் நம்பாதீர்கள். அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். கியர் ஆயிலை வடித்த பிறகே டிரைவ் ஷாப்டுகளை உருவ வேண்டும். பால் ஜாயின்டைப் பிரித்துச் சக்கரப் பகுதியை வெளியே நகர்த்தி, ஷாப்டை நெம்பி எடுத்து, ரப்பர் பூட் கிழியாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஸ்டார்ட்டர், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் விளக்கு ஒயர், எர்த் ஒயர், கியர் ராடுகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு கழற்றுங்கள்.

கியர் பாக்ஸ் பக்கத்து மவுண்டிங்கைக் கழற்றும் முன், இன்ஜினுக்குத் தனியாகத் தாங்கல் வேண்டும். ஆயில் சம்ப் நசுங்காதபடி அகலமான மரப்பலகை வைத்துத் தாங்கலாம்; அல்லது மேலே குறுக்குச் சட்டம் போட்டுச் சங்கிலியால் தொங்கவிடலாம். கியர் பாக்ஸ் இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். அதை ஒருவர் ஜாக்கியில் இறக்க, மற்றொருவர் சாயாமல் பிடித்து இன்ஜினிலிருந்து நேர்கோட்டில் பக்கவாட்டில் விலக்கி இழுக்க வேண்டும். அதன் ஷாப்ட் தட்டின் நடுத்துளையில் மாட்டியிருக்கும்போது எடை முழுவதையும் அதன்மேல் தொங்கவிடக் கூடாது. மீண்டும் பொருத்தும்போது இதில் கவனம் தவறினால் புதுத் தட்டு வளைந்து, கிளட்ச் முழுதாகப் பிரியாது.

லேத் பட்டறை (மறுமொழி):

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். கிளட்சை மூடியிருக்கும் கியர் பாக்ஸ் கூட்டுக்குள் இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடையுங்கள். கிளட்ச் தட்டு உரசும் இன்ஜின் சக்கரமான பிளைவீலின் முகத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் வரிப்பள்ளங்களோ, நீலம் பாய்ந்த சூட்டுத் திட்டுகளோ, மயிரிழை வெடிப்புகளோ உள்ளனவா என்று பாருங்கள். பள்ளம் என்றால் லேத்தில் முகம் பிடித்துச் சமப்படுத்தலாம். வெடிப்பு என்றால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

காரமடை வாசி:

கியர் பாக்ஸ் இறங்கிவிட்டது. தட்டின் லைனிங் ஒரு பக்கம் ரிவெட் தலை வரை தேய்ந்திருக்கிறது. பிளைவீலில் வெடிப்பு இல்லை. ஆனால் கூட்டின் அடிப்பகுதியில் ஆயில் ஈரம் தெரிகிறது. எந்த சீல் கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டறைக்காரர்:

விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் காரமான கந்தக வாடை உண்டு, பிசுபிசுப்பும் அதிகம். இன்ஜின் ஆயில் கறுத்து இளகியிருக்கும். பிளைவீலுக்குப் பின்னால் ஈரம் என்றால் கிராங்க் சீல். ரிலீஸ் பேரிங் ஓடும் குழாயைச் சுற்றி என்றால் ஷாப்ட் சீல். எதுவாக இருந்தாலும் இப்போதே இரண்டையும் மாற்றிவிடுங்கள். எண்ணெய் பட்ட புதுத் தட்டு சில நாட்களிலேயே நடுங்கத் தொடங்கும்.

பொருத்தும்போது, நடுவில் ஸ்பிரிங் புடைத்திருக்கும் பக்கம் பிரஷர் பிளேட்டைப் பார்க்க வேண்டும். பிரஷர் பிளேட்டில் வரும் துருத்தடுப்பு எண்ணெயைச் சுத்தமாகத் துடையுங்கள். தட்டை மையப்படுத்தும் கருவி கடையில் மலிவாகக் கிடைக்கும். இல்லையென்றால் லேத்தில் ஒரு மரக்கட்டையைக் கடைந்து வாங்கலாம். போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஷாப்டின் பற்களில் கிரீஸ் படலமாக மட்டும் இருக்க வேண்டும்; மிகுந்தால் சுழலும்போது லைனிங்கில் தெறிக்கும். கியர் பாக்ஸ் முழுவதும் உட்காரவில்லை என்றால் போல்ட்டால் இழுத்துச் சேர்க்காமல், நான்காம் கியரில் போட்டு வெளி முனையைச் சற்றுச் சுழற்றிக்கொண்டே தள்ளுங்கள். பற்கள் பொருந்தியதும் தானே உள்ளே போகும்.

காரமடை வாசி:

கறுத்த ஆயில்தான்; கிராங்க் சீலையும் ஷாப்ட் சீலையும் மாற்றியாயிற்று. வண்டி ஓடுகிறது, முன் கியர்கள் இலகுவாக விழுகின்றன. ஆனால் ரிவர்ஸ் போடும்போது மட்டும் பற்கள் உரசும் சத்தம் கேட்கிறது. தட்டு வளைந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன்.

பட்டறைக்காரர்:

அவசரப்பட்டு மீண்டும் இறக்க வேண்டாம். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ இல்லை. கிளட்சை மிதித்து மூன்று நான்கு நொடி பொறுத்துப் போட்டுப் பாருங்கள். அப்போதும் உரசினால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. பெரும்பாலும் கேபிளில் தளர்வு மிகுதியாக இருப்பதே காரணம். அதைக் கூட்டிக் குறைத்துப் பார்த்த பிறகே தட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

காரமடை வாசி:

கேபிள் நட்டைச் சற்று இறுக்கியதும் ரிவர்ஸ் சத்தமின்றி விழுகிறது. மிதியின் தளர்வும் கையேடு சொல்லும் அளவுக்குள் இருக்கிறது. இனி உடனே கோத்தகிரி ஏறலாமா?

பட்டறைக்காரர்:

முதல் சில நூறு கிலோமீட்டர் சமவெளியில், பாரமின்றி ஓட்டுங்கள். லைனிங்கும் பிளைவீலும் ஒன்றோடொன்று படிய வேண்டும். அதற்குள் கேபிளின் தளர்வு மாறக்கூடும் என்பதால் மறுபடி ஒரு முறை அளந்து பாருங்கள். காலையில் வண்டியை எடுத்ததும் முற்றத்துச் சிமென்ட் தரையில் ஆயில் சொட்டு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். சொட்டு எதுவும் இல்லையென்றால் மலையேறலாம்.