கத்திரி வெயிலும் பொலிகாளையும்: உங்கள் அனுபவம் என்ன?

பெருந்துறை பண்ணைக்காரன்

எங்கள் ஜெர்சி கலப்புக் காளையைப் பற்றித்தான். கத்திரி முழுக்கத் தகரக் கொட்டகையில் நின்றது. சித்திரைத் தொடக்கத்தில் சேர்த்த மாடுகள் சினை பிடித்தன. காற்று வீசத் தொடங்கி ஊரே குளிர்ந்த பிறகு, ஆனியில் சேர்த்தவைதாம் சினை பிடிக்காமல் ஒவ்வொன்றாகத் திரும்பக் கத்தின. மருத்துவர் விந்தெடுத்து, ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். பாதிக்கு மேல் அசையவே இல்லை. ஒன்று மட்டும் வால் சுருண்டு, கிடந்த இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது. அதை என்னால் மறக்க முடியவில்லை. காளை தீனி எடுக்கிறது, ஏறுவதில் தயக்கமே இல்லை. வெளியே பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்

பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது தம்பி. ஏறும் வேகம் வேறு, விந்தின் தரம் வேறு. காளையின் உடலில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 61 நாள். அது முதிர்ந்து வெளியே வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். வைகாசியில் பட்ட சூட்டுக்கு ஆனியிலும் ஆடியிலும் கணக்குத் தீர்கிறது.

என் மனத்தில் நிற்பது ஒரு ஜூன் மாதக் காலை. அடுத்தடுத்து ஒரு காங்கயம் காளையிடமும் ஒரு ஹோல்ஸ்டீன் கலப்புக் காளையிடமும் விந்தெடுத்தோம். காங்கயத்தின் துளி கண்ணாடியில் கருமேகம் சுழல்வதுபோலப் புரண்டது. மற்றதில் அசைவு உண்டு, அலை இல்லை. 70 விழுக்காடு அணுக்களாவது முன்னோக்கி நீந்தினால்தான் உறைய வைப்போம். அதனால் கலப்புக் காளையின் விந்து அத்தனையையும் கொட்டினோம். விந்தை அடைத்து உறைய வைக்க, அந்தக் காளையின் எண் அச்சிட்டு வைத்திருந்த வெற்றுக் குச்சிகள் தட்டில் அப்படியே கிடந்தன.

விரை, உடல் சூட்டைவிட 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருக்க வேண்டும். நாட்டு இனங்களில் விரைக்குப் போகும் தமனி நீளமானது, சுவர் மெல்லியது. திரும்பி வரும் குளிர்ந்த இரத்தம் அதை நன்றாக ஆற்றிவிடுகிறது. சீமை இரத்தம் கலந்தவற்றுக்கு இந்த வசதி குறைவு.

மன்னார்குடி

ஐயா, இதைப் படிப்பவர்கள் நாட்டுக் காளைக்கு ஒன்றுமே ஆகாது என்று எடுத்துக்கொள்வார்கள். எங்கள் உம்பளச்சேரிக் காளைக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்து போனது. எழுந்து நன்றாக மேய்ந்தது. அதன்பிறகு சேர்த்த மாடுகள் எதற்கும் சினை நிற்கவில்லை. வெயிலானால் என்ன, காய்ச்சலானால் என்ன, விரைக்குச் சூடு சூடுதான். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டாம் முறையாகத் தன் மாட்டை நடத்தியே கூட்டிவந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை; காளையின் முதுகைத் தடவிவிட்டுக் கிளம்பினார். திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

சினை ஊசி போடுபவன், கரூர்

எல்லாவற்றையும் காளையின் தலையில் கட்டாதீர்கள். பெருந்துறை அண்ணா, உங்கள் மாடுகளும் அதே வெயிலில்தானே நின்றன? மே மாத மதியம் ஒன்றில் ஒரு கலப்பின மாட்டுக்கு வெப்பமானி வைத்தேன்; 104 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. இப்போது ஊசி வேண்டாம் என்றேன். அந்த அம்மா கண் கலங்கிவிட்டார். ஒரு பருவம் தவறினால் அவருக்கு மூன்று வாரம் வீண்.

முதல் வாரத்துக் கருவுக்குச் சூடு ஆகவே ஆகாது. கோடையில் பல மாடுகள் கத்தாமலேயே பருவம் கடந்துவிடும். அதனால் விடியற்காலையிலும் இரவிலும் ஒரு நடை போய்ப் பாருங்கள். காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடச் சொல்லுங்கள். ஊசி போட்ட பிறகும் மாட்டை நிழலில் கட்டுங்கள், தண்ணீரைத் தொட்டியில் எப்போதும் வையுங்கள். போடுபவரின் கையையும் கவனியுங்கள். உறைவிந்துக் குச்சி இருப்பது மைனஸ் 196 டிகிரியில். திரவ நைட்ரஜன் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கிவைத்துக்கொண்டு எண்ணைத் தேடினால், எந்த இனத்துக் காளையின் விந்தாக இருந்தாலும் கெட்டுவிடும். 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைக்க வேண்டும். சட்டைப் பையில் வைத்து உருக்குபவரை அனுமதிக்காதீர்கள்.

பெருந்துறை பண்ணைக்காரன்

கரூர் தம்பி, என் மாடுகளைக் குறை சொல்ல வழியில்லை. அதே கொட்டகையில், அதே ஆனியில் ஊசி போட்டவை சினையாக இருக்கின்றன. காளைக்குச் சேர்த்தவைதாம் நிற்கவில்லை. தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்துவிட்டேன். ஆவணிக் கடைசியில் மறுபடி விந்தைப் பார்க்கலாம், அதுவரை மாடு சேர்க்க வேண்டாம் என்கிறார் மருத்துவர். அப்பா விற்றுவிடச் சொல்கிறார். நாளை தரகர் வருகிறார். கத்திரியில் கெட்டு, மழைக்காலத்தில் தேறிய கலப்புக் காளை யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே எழுதுங்கள்.