புதுப்பிப்பு: நார்ட்ரிப்டிலினுக்கு மாறி ஆறு வாரம்

அமிட்ரிப்டிலின் மனச்சோர்வைக் குறைத்தது, ஆனால் வாய் வறட்சியும் பகல் தூக்கமும் பாடாய்ப் படுத்துகின்றன, அதே குடும்பத்தில் வேறு மாத்திரை உதவுமா என்று முன்பு கேட்டிருந்தேன். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக நார்ட்ரிப்டிலினுக்கு மாற்றினார்.

விவரம் தெரிந்ததும் சிரிப்புதான் வந்தது. அமிட்ரிப்டிலினில் ஒரு பகுதியைக் கல்லீரலே நார்ட்ரிப்டிலினாக மாற்றிவிடுகிறதாம். இத்தனை நாள் இரண்டும்தான் என் உடம்பில் ஓடியிருக்கின்றன! இதே குடும்பத்து மாத்திரைகளான இமிப்ரமினுக்கும் டெசிப்ரமினுக்கும் இதே உறவுதான்.

ஆனாலும் வித்தியாசம் தெரிகிறது. முன்பு விடிகாலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், விரலால் பிரித்தெடுக்காத குறை. இப்போது தலைமாட்டுத் தண்ணீர் தொடாமலே கிடக்கிறது. கட்டிலை விட்டு எழுந்தால் கண் இருட்டுவதும் அபூர்வம். அசிட்டைல்கோலின், ஹிஸ்டமின், அட்ரினலின் போன்ற உடல் ரசாயனங்களின் ஏற்பிகளை (செல்களில் அவை ஒட்டும் இடங்களை) இது அவ்வளவாகத் தடுக்காததுதான் காரணம். மலச்சிக்கல் மட்டும் போவேனா என்கிறது.

இழப்பு என்றால் தூக்கம். பழைய மாத்திரை ஆளையே அடித்துப் போடும். இது ராத்திரி இரண்டு மணிக்கு முழிக்க வைக்கிறது. அதனால் காலையில் போடச் சொல்லியிருக்கிறார். மனநிலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

"அப்போ இது பாதுகாப்பானதா?" என்று கேட்டவர்களுக்கு: அளவு மீறினால் இரண்டுமே இதயத்துக்கு ஆபத்து. எனக்கு ஈசிஜி எடுத்த பிறகே டோஸைக் கூட்டினார். நார்ட்ரிப்டிலினுக்கு ரத்த அளவும் பார்ப்பார்கள். மில்லிலிட்டருக்கு 50 முதல் 150 நானோகிராம் என்பது வழக்கமான வரம்பு. அதைத் தாண்டினால் பலன் கூடாது, குறையவும் செய்யலாம். என் ரிசல்ட் அடுத்த வாரம், வந்ததும் போடுகிறேன்.